மூடி திறக்காத டீச்சர்

ஜூன் 19, திங்கள்

பாத்திரக் கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இத்தனை நாள் அரிசி டப்பாவுக்கு மேல் சும்மா கிடந்தது. இன்று எடுத்துத் தூசி தட்டினேன். எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

கால் முறிந்து வீட்டில் கிடக்கிறேன். பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலை எனக்கு. ஜனங்கள் மொழியில் செக்கர் நாச்சிமுத்து. பழனி வண்டியில் ஒருவன் பின்படி வழியாக நைசாக இறங்கப் பார்த்தான். அவனைப் பிடிக்க நானும் இறங்கினேன். அவன் ஓடிவிட்டான், நான் விழுந்துவிட்டேன். கணுக்காலில் மாவுக்கட்டு, கையில் ஊன்றுகோல், நீண்ட லீவு. என் மனைவி தமயந்தி காலையில் பனியன் கம்பெனி வேனில் திருப்பூர் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். ஆகவே மகள் வர்ணிகாவைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் இனி என் பொறுப்பு.

பள்ளி என்றால் சாதாரணப் பள்ளி இல்லை. இரண்டு தெரு தள்ளி, நகராட்சிப் பள்ளியின் பின்கட்டில் இரண்டு அறை. பேச்சு வராத, நடை வராத, காது கேளாத சின்னக் குழந்தைகளுக்காக அரசாங்கம் நடத்தும் மையம். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் வயது வரை அங்கே பழக்குவார்கள். வர்ணிகாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் இன்னும் ஒரு சொல் வரவில்லை. இந்த வயதைத் தாண்டவிட்டால் அப்புறம் ரொம்பக் கஷ்டம் என்று கோவை டாக்டர் சொன்னதால் தமயந்திதான் போன வருஷம் அங்கே சேர்த்தாள்.

எனக்கு அதனால் ஒரு சிரமமும் கிடையாது. டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவன் நான். பெற்ற மகளின் கண்ணைப் படிக்கவா தெரியாது? தண்ணீர் என்று அவள் நினைக்கும்போதே டம்ளர் அவள் வாயருகே இருக்கும். அவளுக்கு வாய் நான்தான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்வேன்.

இன்று அவளை உள்ளே விட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றேன். ஜெசிந்தா டீச்சர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். கிரேயான் கொடுக்கவில்லை. பிள்ளைகள் வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, டீச்சர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாள் கொடுக்கும் அரசாங்கம் கிரேயான் கொடுக்காமலா இருக்கும்? அது எங்கே போகிறது?

சந்தேகம் வந்தால் சூட்டோடு சூடாகக் குறித்துவை என்பது எங்கள் டிப்போ பாடம். குறித்துவிட்டேன்.

ஜூன் 21, புதன்

ஆசிப்புக்குப் பிறந்தநாள். ஆசிப், மையத்துக்கு வரும் பையன். இரண்டு காலும் விறைத்திருக்கும். தினமும் டீச்சர் கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பார். அவன் அம்மா ரஹ்மத் தூக்குப்போசி நிறையப் பாயசம் கொண்டுவந்தார். முந்திரியெல்லாம் போட்டு நல்ல மணம்.

டீச்சர் எல்லாருக்கும் டம்ளர் கொடுத்தார். காலி டம்ளர். போசியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் டம்ளருக்குள் எட்டிப் பார்க்கிறார்கள், டீச்சரைப் பார்க்கிறார்கள். ரொம்ப நேரம் கழித்துத் தலைக்கு ஒரு வாய் ஊற்றினார். உடனே மறுபடியும் மூடிவிட்டார். மிச்சம் யாருக்காம்?

வெளியே வந்த ஆயா பாப்பாத்தியிடம் சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“எல்லாம் கொழந்தைக வயித்துக்குத்தானுங்ண்ணா போவுது. டீச்சரு கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஊத்துவாங்க. அது அப்படித்தானுங்.”

அது அப்படித்தான் என்ற பதிலைத்தான் எல்லாத் தப்புக்கும் நான் கேட்டிருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்தால் பாப்பாத்தி என்ன செய்வாள், பாவம். அவளுக்கும் ஒரு டம்ளர் போகுமாயிருக்கும்.

ஜூன் 23, வெள்ளி

கூட்டிவரப் போனபோது பிள்ளைகள் எல்லாரும் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்கள். இன்னொரு செருப்பு டீச்சர் முதுகுக்குப் பின்னால். வர்ணிகா ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தடுமாறினாள். நான் உள்ளே புகுந்து, டீச்சர் கையிலிருந்து செருப்பை வாங்கி மாட்டிவிட்டேன்.

“சார், நீங்க செத்த வெளிய இருக்கீங்களா. அவளுக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க.”

“கொழந்தைய ஒத்தக் கால்ல நிக்க வெச்சு என்னங்க நேரங் குடுக்கறது?”

டீச்சர் கோபப்படவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். குரலே உயராது. “இன்னொண்ணும் சொல்லணும் சார். காலையில விட்டுட்டு நீங்க வீட்டுக்குப் போயிருங்க. ஜன்னல்ல நீங்க நின்னா அவ உங்களையேதான் பாப்பா. எங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டா.”

நான் பார்க்கக் கூடாதாம். செக்கிங் ஏறினதும் சில கண்டக்டர்கள் சிரித்த முகத்தோடு, முன்னால் உட்காருங்க சார், வெயில் அடிக்குது என்பார்கள். பின் சீட்டில்தான் விஷயம் இருக்கும். திங்கட்கிழமையிலிருந்து வேப்பமரத்துப் பக்கத்து ஜன்னலில் நிற்பதாக முடிவு செய்துவிட்டேன். அங்கே நின்றால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஜூன் 27, செவ்வாய்

பெற்றோர் கூட்டம். தமயந்திக்கு லீவு கிடைக்கவில்லை, நான் போனேன். டீச்சர் ரொம்ப நேரம் பேசினார். வீட்டில் நாம் முந்திக்கொள்ளக் கூடாது, பிள்ளைகள் கேட்பதற்கு இடம் விட வேண்டும், என்னவோ. நான் முழுசாகக் கவனிக்கவில்லை. எனக்கு நேர் எதிரே அலமாரிக் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே கிரேயான் டப்பாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் உபயோகித்த டப்பாக்கள்தான், ஆனால் நிறைய. பக்கத்தில் பந்து, மணி, பொம்மை, களிமண்.

ஆக, திருட்டு இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். திருட்டு என்றால் கூடப் புரிந்துகொள்ளலாம், அவரவர் வீட்டில் என்ன கஷ்டமோ. எல்லாம் கையில் இருந்தும் குழந்தைக்குக் கொடுக்காமல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கு என்ன பெயர்? அதுவும் வீட்டில் போய்ச் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கு?

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அந்த டீச்சருக்குப் பயமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 28, புதன்

மழை. மையத்துக்கு அனுப்பவில்லை. மாவுக்கட்டுக்குள் அரிப்பு தாங்காமல் ஸ்கேலை விட்டுச் சொறிந்தேன்.

ஜூலை 3, திங்கள்

இன்று பார்த்ததை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வர்ணிகாவுக்குப் பொரி என்றால் உயிர். டீச்சர் ஒரு கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் டப்பாவில் பொரியைப் போட்டு, அதை நெஞ்சோடு அணைத்து மூடியை இறுக்கித் திருகி, அவள் முன்னால் வைத்தார். குழந்தைக்குப் பொரி தெரிகிறது, எடுக்க முடியவில்லை. உருட்டிப் பார்த்தாள். மூடியைக் கடித்தாள். கடைசியில் டப்பாவை டீச்சர் பக்கம் தள்ளினாள். டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? கூரையைப் பார்த்தார். மின்விசிறியை எண்ணுகிறவர்போல மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

வர்ணிகா அழ ஆரம்பித்த பிறகு டீச்சர் குனிந்து தன் உள்ளங்கையை விரித்து நீட்டினார். குழந்தை கையைப் பிடித்துத் தன் கையில் தட்டவைத்தார். அப்புறம்தான் மூடியைத் திறந்து நாலு பொரி கொடுத்தார். மறுபடி மூடிவிட்டார்.

பிச்சை எடுக்கப் பழக்குகிறார்கள். என் மகளுக்கு.

திரும்பி வரும்போது கடையில் பொரி வாங்கி, பாக்கெட்டைப் பிரித்து அவள் கவுன் மடியிலேயே கொட்டினேன். வீதி பூராவும் தின்றுகொண்டு வந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பசி.

ஜூலை 4, செவ்வாய்

வீட்டிலேயே நடக்கிறது.

தமயந்தி தோசை ஊற்றினாள். வர்ணிகாவை உட்காரவைத்து, காலித் தட்டை வைத்து, தோசையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தோசையைப் பிடுங்கி, பிய்த்து, குழந்தைக்கு ஊட்டினேன்.

“ஏனுங்க, செத்த இருங்க. அவ கேக்கட்டும்.”

“கேக்கறதுக்கு வாய் இருந்தாக் கேக்க மாட்டாளா?”

“வாய் இருக்குதுங்க. நீங்கதான் அதத் தொறக்க வுடறதில்ல. அவ திரும்பறதுக்கு முன்னாடியே கொண்டாந்து திணிச்சிருவீங்க. அப்பறம் அவ எதுக்குங்க பேசோணும்?”

“அந்த டீச்சர் சொல்லிக் குடுத்ததா?”

“ஆமாங்க. சொல்லித்தான் குடுத்தாங்க. காது குடுத்துக் கேட்டிருந்தா உங்களுக்கும் சொல்லியிருப்பாங்க.”

தமயந்தி வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவள். யார் எது சொன்னாலும் நம்பிவிடுவாள். பகல் பூராவும் கூட இருக்கிறவன் நான். எனக்குத் தெரியாததா?

ஜூலை 6, வியாழன்

கண்ணால் காண்பதும் பொய் என்று சொன்னவன் செக்கர் வேலை பார்த்ததில்லை. இன்று கண்ணால் கண்டதைச் செல்போனிலும் பிடித்துவிட்டேன்.

அதே டப்பா, அதே பொரி. வேப்பமரத்து ஜன்னல் வழியாக எடுத்தேன். வர்ணிகா டப்பாவைத் தூக்கி டீச்சர் மடியில் வைக்கிறாள். டீச்சர் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். குழந்தை டீச்சரின் புடவையைப் பிடித்து இழுக்கிறாள், முகம் கோணுகிறது, அழுகிறாள். டீச்சர் அசையவில்லை. எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது.

அழுகிற இடம் வரைக்கும் எடுத்தேன். அதற்கு மேல் பார்க்கப் பொறுக்கவில்லை. நிறுத்திவிட்டு மரத்தடிக்கு வந்து டிப்போ குரூப்பில் போட்டேன். “பேசத் தெரியாத என் குழந்தைக்கு அரசு மையத்தில் நடக்கும் கொடுமையைப் பாருங்கள்” என்று எழுதினேன். போட்ட கையோடு கண்டக்டர் துரைசாமி கூப்பிட்டுவிட்டான்.

“என்ன பங்காளி இது, பாக்கவே வயிறு எரியுது. இத இப்படியே வுடக் கூடாது. நம்ம கேபிள்காரனுக்கு நாஞ் சொல்றேன்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் வெளியே ஓடிவந்தார். முகமெல்லாம் சிவந்து கண்ணில் ஈரம். என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ சொல்ல வந்தார். வீடியோ எடுத்தது தெரிந்துவிட்டது, கெஞ்ச வருகிறார் என்று புரிந்துகொண்டேன். டிக்கெட் இல்லாமல் அகப்பட்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஓடிவருவார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு துரைசாமியிடம் பேச்சைத் தொடர்ந்தேன். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கூட்டிவரப் போனபோதும், “சார், ஒரு நிமிஷம், வர்ணிகா இன்னைக்கு” என்று ஆரம்பித்தார். நான் நிற்கவில்லை.

ஜூலை 7, வெள்ளி

காலையிலிருந்து போன் ஓயவில்லை. வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. உள்ளூர் கேபிளில் குழந்தை முகத்தை மறைத்துப் போட்டார்கள். மூன்றாம் வீட்டுக்காரர் தேடிவந்து கை கொடுத்தார். “உங்களாட்ட அப்பா இருந்தாப் போதுமுங்க” என்றார். துரைசாமி, “எங்க டிப்போ சிங்கம்” என்று குரூப்பில் எழுதியிருந்தான். நாற்பது பேர் கை தட்டியிருந்தார்கள்.

தமயந்தி வீடியோவை ஒருமுறை பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். குளிக்கும்போது அழுத மாதிரி இருந்தது. தண்ணீர்ச் சத்தமாகவும் இருக்கலாம்.

ஜூலை 10, திங்கள்

மையம் பூட்டியிருக்கிறது. விசாரணை முடியும்வரை ஜெசிந்தா டீச்சர் வரக் கூடாதாம். டீச்சர் இல்லாமல் திறக்கக் கூடாதாம். இவ்வளவு வேகமாக அரசாங்கம் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

வர்ணிகாவுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். பழக்கதோஷம். கூட்டிவந்து பொம்மைப் படம் போட்டுவிட்டேன். பார்க்காமல் மறுபடி வாசலுக்குப் போனாள். வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்தினேன்.

ஜூலை 12, புதன்

ரஹ்மத் வீட்டுக்கு வந்தார். ஆசிப்பை இடுப்பில் வைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணா, இவனுக்கு நாலு நாளா காலுப் பயிற்சி இல்லீங்க. நான் பண்ணுனா வலியில கத்தறான். எனக்குப் பயமா இருக்குது, வுட்டுடறேன். இங்க பாருங்க, முட்டி மறுபடியும் வெறைச்சுக்கிச்சு. போன மாசம் சுவத்தப் புடிச்சுட்டு நின்னானுங்க.”

“அதுக்கு வேற டீச்சர் போடுவாங்கம்மா.”

“எப்பங்க போடுவாங்க? இந்தம்மா வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் அந்த ரூம்புல பழைய பெஞ்சுதான் கெடந்துச்சு. உங்களுக்குத் தெரியாது, நீங்க அப்ப பஸ்ல இருந்தீங்க.”

நான் வீடியோவைப் பற்றிச் சொல்லப்போனேன். “பாத்தேங்க” என்றார். “அழுவுறதுக்கு அப்பறம் என்னாச்சுன்னு அதுல இல்லையே. அத நீங்க பாக்கலீங்களா?”

பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். டீச்சருக்கு வேண்டியவர். பிறந்தநாளுக்குப் பாயசமெல்லாம் கொண்டுவந்தவர் ஆயிற்றே. அப்படித்தான் பேசுவார்.

அதற்கப்புறம் என்ன நடந்திருக்கும் என்று மத்தியானம் பூராவும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, வெள்ளி

சந்தைக்குப் போன இடத்தில் பாப்பாத்தியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கத்திரிக்காய்க் கடைப் பக்கம் ஒதுங்கினாள். நானே போய் வழிமறித்தேன். அன்றைக்கு நான் ஜன்னலை விட்டுப் போன பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். சாட்சியை விசாரிக்கிற தொனியில்தான் கேட்டேன், மறைக்கவில்லை.

“என்னத்தச் சொல்றதுங்ண்ணா. பாப்பா அழுதுட்டே இருந்துச்சு. அப்பறம் அழுகைய நிறுத்திட்டு டீச்சரு மொவத்தப் பாத்துச்சு. டீச்சரு கையில ஒரு தட்டுத் தட்டி, ‘தா’ன்னு சொல்லுச்சுங்.”

“என்ன சொல்லுச்சு?”

“தா. பொரிய ‘தா’ன்னு கேட்டுச்சுங்ண்ணா. நல்லாத் தெளிவாக் கேட்டுச்சு. டீச்சரு டப்பாவோட அப்படியே அவளக் கட்டிப் புடிச்சு அழுதுட்டாங்க. எனக்கே புல்லரிச்சுப் போச்சுங். ‘இவங்க அப்பா வெளியதான் இருப்பாரு, கூட்டியாறேன்’னு ஓடியாந்தாங்க. நீங்க போன்ல மும்முரமாப் பேசிட்டிருந்தீங்களாம்.”

கத்திரிக்காய்க்காரர் எடை போட்டு முடித்திருந்தார். பாப்பாத்தி பையை வாங்கிக்கொண்டாள்.

“டீச்சருகிட்ட நாந்தாஞ் சொன்னனுங், மத்தியானம் பொறுமையாச் சொல்லிக்கலாம்னு. மத்தியானமும் நீங்க நிக்கலீங்க.”

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

வந்து யோசித்தபோது வேறு மாதிரித் தோன்றியது. இது டீச்சர் சொல்லிக்கொடுத்த சாட்சியாக ஏன் இருக்கக் கூடாது? பாப்பாத்திக்கும் வேலை போய்விடும் என்ற பயம் இருக்குமே. கூட இருக்கிற அப்பனுக்கு ஒரு சொல் சொல்லாத குழந்தை, நேற்று வந்த டீச்சருக்குச் சொல்லுமா? நான் கேட்கவில்லை. நான் காதால் கேட்காததை எப்படி ஒப்புக்கொள்வது?

ஜூலை 15, சனி

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நானே ஒரு டப்பாவில் பொரி போட்டு மூடி, வர்ணிகா முன்னால் வைத்தேன். அவள் டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பேசாமல் எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான். ஒரு சத்தமும் இல்லை.

பார்த்தாயா என்று தமயந்தியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

“எங்கிட்டச் சொல்றாளுங்க. ஒரு வாரமாவே.”

“என்னன்னு?”

“சீப்பக் கையில வெச்சுட்டு நின்னா, ‘தா’ங்கறா. நேத்து ரெண்டு தடவ.”

“எங்கிட்டச் சொல்லல ஏன்? நீ சொன்னியா எங்கிட்ட?”

“எப்படிங்க சொல்றது. சொன்னா உடனே பொய்யுன்னு நிரூபிக்கக் கெளம்பிருவீங்க. புள்ளயப் புடிச்சு உக்கார வெச்சு, சொல்லு சொல்லுன்னு உசுர எடுப்பீங்க. டப்பா வெச்சீங்களே, எவ்வளவு நேரம் வெச்சீங்க? நாம் பாத்துட்டுத்தான இருந்தேன். அவ வாசலுக்குப் போனதும் மூடியத் தொறந்து கொண்டுபோய் ஊட்டிட்டீங்க.”

அது உண்மைதான். மேலே அதை எழுதாமல் விட்டுவிட்டேன். பசியோடு போய் உட்கார்ந்தவளை எப்படிச் சும்மா விடுவது?

தமயந்தி அரிசியை அடுப்பில் வைத்தாள். “உங்ககிட்ட அவளுக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க” என்றாள். சண்டைக் குரலில் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். சண்டைக் குரலில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

வர்ணிகா பேசுகிறாள். என்னைத் தவிர எல்லாரிடமும்.

ஜூலை 17, திங்கள்

மேற்பார்வையாளர் அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாடிப்படியில் ஊன்றுகோலோடு ஏறிப் போனேன். வீடியோவோடு நான் எழுதிய புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், என் பேரில்தான் தப்பு என்றேன்.

மேற்பார்வையாளர் சின்ன வயசு. களைத்த முகம். “நீங்க எடுத்துக்கிட்டா வீடியோவும் திரும்பி வந்துருமாங்க?” என்றார். “கேபிள்ல வந்தாச்சு. மேல இருந்து தெனமும் கேக்கறாங்க. அழுவுற இடத்தோட நிக்குது. அதுக்கு அப்பறம் எடுத்திருந்தாக் குடுங்க, டீச்சருக்கு அது போதும்.”

“எடுக்கலீங்க.”

“குழந்தை பேசுனத நீங்க பாத்தீங்களா?”

“பாக்கலீங்க.”

“பாத்தவங்க?”

“ஆயா பாத்தாங்க.”

“அவங்க டீச்சருக்குக் கீழ வேல பாக்கறவங்க. அவங்க சொல்றத எடுத்துக்க முடியாதுங்களே.” என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க செக்கிங்தான? உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். என் முன்னால் எத்தனை பேர் நின்று, சார், டிக்கெட் எடுத்தேன், காத்துல பறந்துடுச்சு, பக்கத்து சீட்டு ஆளைக் கேளுங்க என்று அழுதிருக்கிறார்கள். பக்கத்து சீட்டு ஆளை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதத்துக்குள் முடிவு தெரியும் என்றார்கள். இறங்கும்போது கிளார்க் ஒருவர் சொன்னார், ஜெசிந்தா டீச்சர் சொந்த ஊர்ப்பக்கம் மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நேற்றே பஸ் ஏறிவிட்டாராம். நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் இங்கே திரும்ப மாட்டாராம். “யாருதாங்க வருவாங்க?” என்றார் அவர்.

டீச்சர் நம்பர் தமயந்தியிடம் இருந்தது. வாங்கிக் கூப்பிட்டேன். எடுத்தார். நான் யாரென்று சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா இல்லையா என்றுகூட நினைவில்லை, என்னென்னவோ உளறினேன்.

“வர்ணிகா பேசுறாளா சார்?” என்று மட்டும் கேட்டார்.

“அவ அம்மாகிட்டப் பேசறாளுங்க.”

“சந்தோசம் சார்” என்றார். போனை வைத்துவிட்டார்.

ஜூலை 18, செவ்வாய்

வீடியோவை எல்லாக் குரூப்பிலிருந்தும் எடுக்கச் சொல்லித் துரைசாமியிடம் கெஞ்சினேன். “வுடு பங்காளி, ஆறிப்போன கஞ்சி” என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மூன்றாம் வீட்டுக்காரர் இன்றும் கும்பிட்டார்.

ஜூலை 20, வியாழன்

மாவுக்கட்டு பிரித்துவிட்டார்கள். கால் சூம்பிப்போய் யாருடைய காலோ மாதிரி இருக்கிறது. மெல்ல நடந்து பழகச் சொன்னார்கள்.

காலையில் வர்ணிகா வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இத்தனை நாள் கூட்டிவந்து உள்ளே விட்டேன். இன்று செருப்பை எடுத்தேன். மாட்டிவிடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையிலிருந்து தானே வெடுக்கென்று பிடுங்கி, இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கேட்கவில்லை. நான் பின்னாலேயே போனேன். என் நடைக்கும் அவள் நடைக்கும் சரியாக இருந்தது.

எங்கே போகிறாள் என்று தெரியும். வேண்டாம் சாமி, வா, கடைக்குப் போகலாம் என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு தெருவும் தாண்டிப் பள்ளிக்குள் நுழைந்து, பெரிய பிள்ளைகள் பிரேயருக்கு வரிசையாக நின்ற மைதானத்தைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

கதவு பூட்டியிருந்தது. வேப்பம்பழம் விழுந்து நசுங்கிப் படியெல்லாம் ஈ. பெருக்க ஆளில்லை. வர்ணிகா கதவைத் தள்ளினாள். பூட்டை ஆட்டினாள். வேப்பமரத்துப் பக்கம் போய், நான் நிற்கிற ஜன்னலுக்குக் கீழே நின்று எம்பினாள். எட்டவில்லை. தூக்கிக் காட்டினேன். உள்ளே இருட்டாக இருந்தது. சின்ன நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தாள். இறங்க நெளிந்தாள், இறக்கிவிட்டேன்.

அழுவாள் என்று நினைத்தேன். பாக்கெட்டில் பொரி இருந்தது. எடுத்து நீட்டினேன். தட்டிவிட்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். அதையும் தள்ளினாள். என் மகள் கொடுத்ததை மறுத்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேற்கொண்டு கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். என் முகத்தையே பார்த்தாள். என் கையை எடுத்து, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“தா” என்றாள்.

பாப்பாத்தி சொன்னது பொய் இல்லை. நல்ல தெளிவான குரல். கொஞ்சம் கட்டையாக, என் அம்மா குரல் மாதிரி இருந்தது. பூட்டைக் காட்டிவிட்டு மறுபடியும் தட்டினாள். “தா.”

என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் கேட்பதற்கு முன்பே புரிந்தது. நான் எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.